வாக்குரிமைக்கு மொழித்தேர்வு எதற்கு?

ஆங்கிலம் படித்து உணர இயலாத ஒருவருக்கு வாக்குச்சீட்டை அளிக்கலாமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல தலைமுறைகளாக எழுந்து, அடங்கி, மீண்டும் எழுந்து வரும் வினா இது. 2025 மார்ச் 1ஆம் நாள் குடியரசுத் தலைவர் டிரம்ப் ஓர் ஆணையின் வழியாக ஆங்கிலத்தை அந்நாட்டின் ஆட்சிமொழியாக அறிவித்தார். ஆங்கிலப் புலமை குறைந்தோருக்கும் அரசின் பணிகள் எட்டவேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் கிளின்டன் பிறப்பித்திருந்த ஆணை அன்றே நீக்கப்பட்டது. பழைய வினாவுக்கு இதனால் புத்துயிர் கிடைத்துள்ளது. வாக்குச்சீட்டு ஆங்கிலத்தில் மட்டுமே இருத்தல் வேண்டும், அதைப் படிக்க இயலாதவர் ஒதுங்கி நிற்கட்டும் என்று கூறுவோர் அங்கே சிலர் அல்லர்.

இக்கூற்று கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். அதனாலேயே அதை நின்று நிதானித்து ஆராயவேண்டியவர்கள் ஆகிறோம். நம் நிலையை முதலிலேயே தெளிவாக்கி விடுகிறோம்: ஒரு நாட்டின் குடிமகன், வயது வந்தவன் என்ற இரண்டும் இருக்கும்போது, குறிப்பிட்ட ஒரு மொழியை அறிந்திருத்தல் என்பதை வாக்குரிமையின் நிபந்தனையாக்குவது அநீதி. அந்த மொழி எத்துணை வளமுடையதாயினும், அதைக் கற்பது எத்துணைப் பயனுடையதாயினும் இந்த முடிவு மாறாது.

நலம் வேறு, நிபந்தனை வேறு

மறைப்பள்ளிகளில் தத்துவம் பயின்றோர் முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்று, ஒரு பொருளின் உள்ளியல்பையும் அதனோடு வந்து சேரும் பண்புகளையும் பிரித்தறிவது. வாக்குரிமையின் உள்ளியல்பு யாது? அறிஞனுக்கு அவனது அறிவுக்காக வழங்கப்படும் பரிசா அது? அன்று. சட்டத்துக்குக் கட்டுப்படுபவன், வரி செலுத்துபவன், போர் வந்தால் படைக்கு அழைக்கப்படுபவன், தன்னை ஆள்வோர் யார் என்று சொல்லும் உரிமை பெறுகிறான். சுமையைச் சுமப்பவனுக்குச் சொல்லும் உண்டு என்பதே அதன் வேர்.

அறிவுள்ள வாக்காளர் நாட்டுக்கு நலம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நலம் தருவன எல்லாம் உரிமைக்கு நிபந்தனை ஆகிவிடா. உடல்நலம் உழைப்பாளிக்கு நல்லது என்பதற்காக நோயாளியின் கூலியை மறுப்பதில்லையே! இந்த வேறுபாட்டை மறந்துவிட்டவர்களே, நல்ல எண்ணத்தோடும்கூட, வாக்குச்சாவடியின் வாயிலில் தேர்வு மேசையைப் போடுகிறார்கள்.

ஜான் ஸ்டூவர்ட் மில் போன்ற பெரும் சிந்தனையாளரே இவ்விடத்தில் தடுமாறினார் என்பதை நினைவில் கொள்ளல் தகும். 1861இல் வெளியான தமது நூலில், பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று காலத்தை முந்திக் குரல் கொடுத்த அவரே, படிக்கவும் எழுதவும் எளிய கணக்குப் போடவும் தெரியாதவருக்கு வாக்கில்லை என்றார். ஆனால் அதற்கு முன்னதாகக் கல்வி எல்லாருக்கும் எட்டும்படி செய்யப்பட வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். அவர் வாதத்தின் இந்தப் பாதியை மறந்துவிட்டு, மற்றப் பாதியை மட்டும் பற்றிக்கொண்டோரே பின்னாளில் மிகுதி.

வேலியும் அதன் திட்டிவாசலும்

ஒரு சட்டத்தின் நோக்கத்தை அறிய அதன் முகவுரையைப் படித்தால் போதாது. அது யாருக்கு விலக்கு அளிக்கிறது என்று பார்க்கவேண்டும். அமெரிக்காவின் எழுத்தறிவுத் தேர்வுகள் இதற்குச் சிறந்த சான்று.

1840களின் கொடும் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் வந்திறங்கிய ஏழைகளில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களை வெறுத்து எழுந்த இயக்கத்துக்கு 'ஒன்றும் அறியோம் கட்சி' என்று பெயர் வழங்கிற்று. வெளியார் வினவினால் "எமக்கு ஒன்றும் தெரியாது" என்று விடையளிக்கவேண்டும் என்பது அதன் உறுப்பினர்க்கு இடப்பட்ட கட்டளை. இந்த அலையின் நடுவில்தான் கனெக்டிகட் மாநிலம் 1855இலும் மாசசூசெட்ஸ் மாநிலம் 1857இலும் வாக்காளர்க்கு எழுத்தறிவுத் தேர்வைப் புகுத்தின. மாசசூசெட்ஸில் அரசியலமைப்பை ஆங்கிலத்தில் படிக்கவும் பெயரை எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே வாக்குரிமை பெற்றிருந்தோர்க்கு அத்தேர்வு இல்லை! படிக்கத் தெரியாத பழைய குடியினன் வாக்களிக்கலாம். படிக்கத் தெரியாத புதிய குடியினன் கூடாது. அறியாமைதான் நாட்டுக்குக் கேடு என்றால், பழையவனின் அறியாமை மட்டும் எப்படிக் கேடில்லாமல் போயிற்று?

இதே திட்டிவாசல் தெற்கிலும் திறந்திருந்தது. 1890இல் மிசிசிப்பி மாநிலம் எழுத்தறிவையோ, அரசியலமைப்பின் ஒரு பகுதியைக் கேட்டு விளக்கும் திறனையோ வாக்குரிமைக்கு நிபந்தனையாக்கிற்று. விளக்கம் போதுமானதா என்று முடிவு செய்யும் அதிகாரம் வெள்ளை இனப் பதிவு அலுவலரிடம் இருந்தது. 1898இல் லூயிசியானா இன்னும் வெளிப்படையாகவே நடந்துகொண்டது. 1867 ஜனவரி முதல் நாளில் எவனுடைய தந்தையோ பாட்டனோ வாக்குரிமை பெற்றிருந்தானோ அவனுக்குத் தேர்வு வேண்டாம் என்றது. அந்நாளில் அங்குக் கறுப்பினத்தாருக்கு வாக்குரிமை இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஓக்லகோமாவில் இருந்த இத்தகைய 'பாட்டன் விலக்கை' 1915இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தள்ளிற்று. எனினும் தேர்வு மட்டும் நிலைத்தது. 1959இல்கூட, வட கரோலினாவைச் சார்ந்த ஒரு வழக்கில், எழுத்தறிவுத் தேர்வு தன்னளவில் குற்றமுடையதன்று என்றே அந்நீதிமன்றம் கூறிற்று.

1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் தெற்கில் அத்தேர்வுகளை நிறுத்தி வைத்தது. விளைவு யாது? மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிந்திருந்த கறுப்பினத்தார், தகுதியுடையோருள் ஏறத்தாழ 7 விழுக்காட்டிலிருந்து இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடாக உயர்ந்தனர். இரண்டாண்டுகளில் அம்மக்களின் எழுத்தறிவு ஒன்பது மடங்கு வளர்ந்துவிடவில்லை. ஆகவே அத்தேர்வு அளந்தது எழுத்தறிவை அன்று என்பது வெள்ளிடைமலை. 1970இல் நாடு முழுமைக்கும் தடை விரிவாக்கப்பட்டு, 1975இல் நிலையானதாயிற்று.

விவிலியம் அறிந்த நம் வாசகர்களுக்கு நீதித்தலைவர்கள் நூலின் 12ஆம் அதிகாரம் நினைவுக்கு வரலாம். யோர்தான் ஆற்றுத் துறைகளைப் பிடித்துக்கொண்ட கிலயாத்தியர், கடக்க வந்தவர்களை ஒரே ஒரு சொல்லை உச்சரிக்கச் சொன்னார்கள். 'ஷிபோலெத்' என்பதைச் 'சிபோலெத்' என்று சொன்ன எப்ராயிமியர் நாற்பத்தீராயிரம் பேர் வெட்டுண்டனர். அங்கே எவரும் மொழியறிவைச் சோதிக்கவில்லை, ஆளைத்தான் சோதித்தார்கள். சொல் வெறும் கருவி. வாக்குச்சாவடியில் வைக்கப்படும் மொழித்தேர்வு குருதி சிந்துவதில்லை என்பது உண்மை. ஆனால் ஆற்றைக் கடப்பவர் யார், கரையிலேயே வீழ்பவர் யார் என்று பிரிக்கும் வேலையை அதுவும் அவ்வாறே செய்கிறது.

பிறப்பாலேயே குடிமக்கள்

"குடியுரிமை பெறுவதற்கே ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவ்வாறிருக்க, குடிமகனுக்குப் பிறமொழி வாக்குச்சீட்டு எதற்கு?" இதுவே எதிர்த்தரப்பாரின் வலிமை மிக்க வாதம். மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இதற்கு மறுமொழியே இல்லை என்று தோன்றும். ஆயினும் இவ்வாதம் மூன்று இடங்களில் உடைகிறது.

முதலாவது, குடியுரிமையை விண்ணப்பித்துப் பெற்றவர்கள் மட்டுமே குடிமக்கள் அல்லர். 1898இல் ஸ்பெயினுடன் நடந்த போரின் முடிவில் போர்ட்டோ ரிக்கோத் தீவை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. தீவினர் அமெரிக்காவைத் தேடி வரவில்லை. அமெரிக்காவே அவர்களைத் தேடிச் சென்றது. 1917இல் அவர்களுக்குக் குடியுரிமை வழங்கப்பட்டது. அவர்கள் மொழி ஸ்பானியம். அமெரிக்கக் கொடி பறந்த பள்ளிகளிலேயே அவர்கள் ஸ்பானிய மொழியில் கற்றார்கள். பிழைப்புத் தேடி அவர்கள் நியூயார்க்கில் குடியேறியபோது, ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் தெரியவேண்டும் என்ற 1921ஆம் ஆண்டின் மாநில விதி குறுக்கே நின்றது. அவ்விதியும் புதிய வாக்காளர்க்கு மட்டுமே உரியது. பழையவர்க்கு விலக்கு இருந்தது என்பதை வாசகர் ஊகித்திருப்பர். கொரியப் போரில் இத்தீவினரின் 65ஆம் காலாட்படைப் பிரிவு போரிட்டு மடிந்தது. அந்த வீரர்களின் நாட்டுப்பற்று ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்தது. ஆனால் அவர்களின் மொழி வாக்குச்சாவடியில் செல்லுபடியாகவில்லை. தீவின் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவருக்கு ஆங்கிலம் தெரியாது என்ற காரணத்தால் வாக்கை மறுக்கலாகாது என்று 1965ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்நிலத்தின் தொல்குடிகளின் நிலை இன்னும் கூரியது. ஆங்கிலம் அம்மண்ணில் ஒலிக்கும் முன்னரே ஒலித்த மொழிகள் அவர்களுடையவை. 1924இல்தான் அவர்கள் அனைவரும் குடிமக்களாக ஏற்கப்பட்டனர். அரிசோனாவில் 1948 வரை ஒதுக்கீட்டு நிலங்களில் வாழ்ந்த தொல்குடியினர் வாக்களிக்க விடப்படவில்லை. அதன் பின்னும் ஆங்கில எழுத்தறிவுத் தேர்வு 1970ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அவர்களுள் பலரைத் தடுத்தது. இரண்டாம் உலகப் போரில் நவஹோ இளைஞர்கள் தம் தாய்மொழியைக் கொண்டு அமைத்த சங்கேத மொழியை ஜப்பானியரால் உடைக்க இயலவில்லை. போர்க்களத்தில் நாட்டைக் காக்க உதவிய மொழி, தேர்தல் களத்தில் குறையாகக் கருதப்பட்டது! இதனினும் பெரிய முரண் உண்டோ?

இரண்டாவது, குடியுரிமைச் சட்டமே முதியோர்க்கு மொழித்தேர்விலிருந்து விலக்கு அளிக்கிறது. 50 வயது நிறைந்து 20 ஆண்டுகள் நிலையான குடியிருப்பாளராக வாழ்ந்தவரும், 55 வயது நிறைந்து 15 ஆண்டுகள் வாழ்ந்தவரும் நாட்டு வரலாறு, ஆட்சிமுறை பற்றிய தேர்வைத் தம் மொழியிலேயே எழுதலாம். ஒரு கையால் குடியுரிமையை அளித்துவிட்டு, மறுகையால் அதன் பயனைப் பறிப்பது முறையாகுமா?

மூன்றாவது, தேர்வுக்குரிய ஆங்கிலமும் வாக்குச்சீட்டின் ஆங்கிலமும் ஒன்றல்ல. குடியுரிமைத் தேர்வில் மூன்று எளிய வாக்கியங்களில் ஒன்றைச் சரியாகப் படித்தால் போதும். மூன்றில் ஒன்றைச் சரியாக எழுதினால் போதும். கலிபோர்னியாவிலோ, 2024 நவம்பரில் வாக்காளர் முன் மாநில அளவில் மட்டும் பத்து முன்மொழிவுகள் வைக்கப்பட்டன. கடன் பத்திரம், வாடகைக் கட்டுப்பாடு, குற்றத் தண்டனை எனச் சட்ட நடையில் எழுதப்பட்டவை அவை. ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டோர் பலரும் அவற்றின் முன் திகைப்பர். அவர்களின் திகைப்பைப் பொறுத்துக்கொண்டு, பிறமொழியாளரின் திகைப்பை மட்டும் தகுதிக்குறைவு என்பது நடுநிலை ஆகாது.

மேலும் சில மறுப்புரைகள்

"ஆங்கிலம் அறியாதவர் வேட்பாளரின் கொள்கைகளை எங்ஙனம் அறிவர்?" என்பர் சிலர். அறிவுக்கு ஒரே ஒரு வாயில்தான் என்ற எண்ணமே இவ்வினாவின் அடியில் உள்ளது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 'லா ஒப்பினியோன்' என்னும் ஸ்பானிய நாளேடு 1926இலேயே தொடங்கப்பட்டது. ஸ்பானியத் தொலைக்காட்சிகளும் சீன, கொரிய, வியட்நாமிய இதழ்களும் அந்நாட்டு அரசியலை நாள்தோறும் அலசுகின்றன. தம் மொழியில் நாளேடு படிப்பவர், ஆங்கிலம் தெரிந்தும் எந்த ஏடும் படியாதவரைவிட நாட்டு நடப்பை நன்கறிந்திருக்கக் கூடும்.

"நாட்டின் ஒற்றுமை குலையும்" என்பது அடுத்த அச்சம். பொதுமொழி ஒன்று இருப்பது நாட்டைப் பிணைக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. குடியேறியோர் ஆங்கிலம் கற்பது அவர்களுக்கே பெரும் நன்மை. ஆனால் பிணைப்பு என்பது ஒதுக்குவதால் பிறப்பதன்று. வாக்களித்தவனே நாட்டைத் தன் நாடு என்று உணரத் தொடங்குகிறான். மேலும், பன்மொழி அந்நாட்டுக்குப் புதிதும் அன்று. விடுதலைப் போர்க் காலத்திலேயே அந்நாட்டின் கூட்டமைப்புச் சாசனம் ஜெர்மானிய மொழியிலும் அச்சிடப்பட்டது. கலிபோர்னியாவின் 1849ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சட்டங்கள் அனைத்தும் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் வெளியிடப்படவேண்டும் என்று பணித்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1879இல்தான் அது கைவிடப்பட்டது.

"செலவு மிகும்" என்ற குறையில் ஓரளவு உண்மை உண்டு. சிறிய மாவட்டங்களுக்கு மொழிபெயர்ப்பும் அச்சும் சுமையே. ஆனால் 1975இல் சேர்க்கப்பட்ட 203ஆம் பிரிவு எல்லா மொழிகளையும் எல்லா ஊர்களிலும் திணிக்கவில்லை. ஆங்கிலப் புலமை குறைந்த, வாக்களிக்கும் வயதுடைய குடிமக்கள் ஒரே மொழிக் குழுவில் ஓர் ஆட்சிப் பகுதியில் 10,000 பேருக்கு மேலோ 5 விழுக்காட்டுக்கு மேலோ இருக்கவேண்டும். அவர்களிடையே எழுத்தறிவின்மையும் நாட்டுச் சராசரியைவிட மிகுந்திருக்கவேண்டும். 2021 டிசம்பர் கணிப்பின்படி 331 ஆட்சிப் பகுதிகள் இதற்கு உட்பட்டன. எழுத்து வழக்கில்லாத தொல்குடி மொழிகளுக்கு வாய்மொழி உதவியே போதும். இந்த ஏற்பாடு 2006இல் நீட்டிக்கப்பட்டபடி 2032 வரை நீடிக்கும். நாடாளுமன்றம் இயற்றிய சட்டமாதலால் ஆட்சித் தலைவரின் ஆணை ஒன்று அதைத் தானாக அழித்துவிடாது. ஆனால் அடுத்த நீட்டிப்பின்போது என்ன நேரும் என்பதே இன்று அங்கு நிற்கும் கேள்வி.

இச்சட்டத்தில் குறையே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. ஸ்பானியம், ஆசிய மொழிகள், தொல்குடி மொழிகள் ஆகியவற்றையே அது காக்கிறது. அரபு பேசுவோர் அதில் அடங்கார். இந்திய வழியினரை அது ஒரே குழுவாகக் கொள்வதால் சிகாகோ அமைந்த குக் மாவட்டத்தில் இந்தியும், நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வங்காளமும் இடம்பெற்றன. மக்களோடு சென்று குடியேறிய நம் தமிழ் முதியோர்க்கு இவற்றால் பயனில்லை. ஆயினும் 1982இல் சேர்க்கப்பட்ட 208ஆம் பிரிவின்படி, படிக்க எழுத இயலாத வாக்காளர் தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். வேலை தருபவரும் தொழிற்சங்கத்தாரும் மட்டும் ஆகார். அங்கு வாழும் உறவினர்க்கு இதனை எடுத்துரைப்பது நன்று.

நம் கரைகளில் கற்ற பாடம்

இவ்வினாவை நாமும் நம் முன்னோரும் அறியாதவர்கள் அல்லர். 1911இல் இலங்கைச் சட்டசபைக்குப் 'படித்த இலங்கையர்' என்ற பெயரில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அதில் வாக்களிக்க ஆங்கிலக் கல்வி வேண்டும். அவ்விடத்துக்குச் சர் பொன்னம்பலம் இராமநாதன் தேர்ந்தெடுக்கப்பட்டதைத் தமிழர் பெருமையாகப் பேசுவதுண்டு. ஆனால் சிங்களமும் தமிழும் மட்டுமே அறிந்த இலட்சக்கணக்கான உழவரும் மீனவரும் அத்தேர்தலை வெளியே நின்றுதான் பார்த்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1931இல் டொனமூர் சீர்திருத்தத்தின் கீழ், எழுத்தறிவு நிபந்தனையே நீக்கப்பட்டு வயது வந்தோர் வாக்குரிமை வழங்கப்பட்டது.

இந்தியாவின் சான்று இன்னும் பெரிது. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி எழுத்தறிவுடையோர் 18 விழுக்காடு அளவினரே. எழுத்தறிவை நிபந்தனையாக்கி இருந்தால் ஐவரில் நால்வர் வெளியே நின்றிருப்பர். நம் அரசியலமைப்பை வகுத்தோர் அவ்வழியைத் தேரவில்லை. 326ஆம் பிரிவு வயது வந்தோர் வாக்குரிமையை எழுத்தறிவுக் கட்டின்றி வழங்கிற்று. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், 1951-52 பொதுத்தேர்தலில் 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்களுக்காக, வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டியை வைக்கச் செய்தார். படிக்கத் தெரியாத கைகள் காளைச் சின்னத்தையும் அரிவாள்-கதிர்ச் சின்னத்தையும் கண்டு தம் சீட்டை இட்டன. வாக்காளன் வாக்குச்சீட்டின் உயரத்துக்கு வளரட்டும் என்று காத்திராமல், வாக்குச்சீட்டே வாக்காளனிடம் இறங்கி வந்தது. அந்த எழுத்தறியா மக்களே 1977இல் அவசரநிலை ஆட்சியை வீழ்த்தவும் அறிந்திருந்தார்கள்.

வழிபாடு மக்களின் மொழிக்கு வரலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வாயில் திறந்தபோது, இலத்தீனைத் தாழ்த்தும் நோக்கம் அதற்கு இருந்ததில்லை. பங்கேற்பதற்கு உரிமையுள்ளவர்கள் பார்வையாளராய் நிற்கலாகாது என்பதே நோக்கம். நாட்டு ஆட்சிக்கும் இஃது ஒவ்வும்.

இது அமெரிக்கரின் சிக்கல்தானே என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. நம் ஊர்களில் வங்கிப் படிவம், காப்பீட்டுப் பத்திரம், நீதிமன்ற அறிவிப்பு ஆகியவற்றை ஏந்திக்கொண்டு யாரிடமாவது படித்துக் காட்டுமாறு கேட்கும் முதியவர் எத்தனை பேர்? நம் பங்குப் பேரவைகளிலும் சங்கங்களிலும் ஆங்கிலம் கலந்து பேசுவோரின் கருத்துக்கு ஓர் எடையும், மற்றவரின் கருத்துக்கு வேறோர் எடையும் இடும் பழக்கம் அறவே இல்லை என்று கூற முடியுமா? பங்குப் பேரவைத் தேர்தல் அறிவிப்புகளையும் கணக்கறிக்கைகளையும் எல்லாரும் படித்தறியும் தமிழில் வைப்பதும், படிக்க இயலாதோர்க்குக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவதும் இன்றே நம்மால் இயலும். அவற்றைச் செய்து முடித்தபின் தொலைநாட்டாரின் அநீதியைப் பற்றி நாம் பேசும் பேச்சுக்கு வலிமை கூடும்.